கடைசியில் சாப்பிடுகிறவள்

ஜூலை 8, செவ்வாய்

வகுப்பில் கொடுத்த கதையில், வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடும் ஒருத்தி வருகிறாள். அவள் ஒரு முட்டாள் என்று மலையாளத்தில் மூன்று பக்கம் எழுதினேன். டீச்சர் "மிடுக்கி", கெட்டிக்காரி என்று பாராட்டினார். வீட்டுக்கு வரும் கரமனை பஸ்ஸில் அந்தச் சொல்லோடே வந்தேன்.

அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. தோசை சுட்டுக்கொண்டே, "அப்படி என்ன எழுதுன? தமிழ்ல சொல்லு மக்ளே" என்றாள். முட்டாளைப் பொறுமைசாலி என்று மாற்றிச் சொன்னேன்.

"பாவம். உனக்குப் பசிக்கலியான்னு அவகிட்ட யாரும் கேக்கலியா?"

கதையில் யாரும் கேட்கவில்லை. மூன்று பக்கத்தில் நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் இன்னொரு தோசை வாங்கித் தின்றேன்.

தூக்கம் வரவில்லை. தண்ணீர் குடிக்கப் போனேன். மாவுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. அம்மா சாப்பிட்டாளா?