இரண்டு நீல வண்டிகள்

அன்பு மகள் ஹில்டேவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக முனகுகிறது. அங்கே நியூசிலாந்தில் நீயும் கிரேக்கும் பிள்ளைகளும் அந்த நானூறு மாடுகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன தடவை நான் அனுப்பிய அட்டையில் உன் பெயரையும் என் பெயரையும் தவிர ஐந்து வார்த்தைகள்தான் இருந்தன. இது முழுக் கடிதம். செவ்வாய்க்கிழமை தொடங்கினேன், இன்று சனி. எழுத்துகளுக்கு நடுவே இடம் விடுங்கள், பேருந்தில் ஏறிய கூட்டம் மாதிரி நெருக்காதீர்கள் என்று முதியோர் வகுப்பு நாதியா டீச்சர் சொல்லியிருக்கிறார், அதனால்தான் இத்தனை தாள். உறையின் மேல் விலாசத்தையும் நானே எழுதுவேன். உன் ஊரின் பெயர் ரயில் மாதிரி நீளம், ஆனாலும் எழுதிவிடுவேன்.

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். நன்றாக ஆகிவிட்டது. இப்போது ஜன்னலில் இருக்கிற தூசி எல்லாம் தெரிகிறதென்று வீட்டை இரண்டு முறை கழுவிவிட்டாள், என் முகத்தையும் இப்போதுதான் சரியாகப் பார்க்கிறாளாம், அதைப் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. இந்த வருடம் தோட்டத்தில் அஸ்பாரகஸ் தண்டு நன்றாக வந்திருக்கிறது, தினமும் முட்டையும் வெண்ணெயும் போட்டு அதுதான். பந்தயத்துக்காகப் பிரான்சில் பறக்கவிட்ட புறாக்களில் இரண்டு திரும்பி வரவில்லை, அதில் ஒன்று அந்தச் சாம்பல் நிறப் பெட்டை, எனக்கு வருத்தம்தான். நீ பனியில் பால் கறக்கப் போகும்போது காதை மூடிக்கொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் உன் ஸ்டாஃப் மாமா. எனக்கு அவன் மேல் பொறாமை. இந்த வார்த்தையை எப்படி எழுதுவது என்று நாதியா டீச்சரிடம் கேட்டேன், யார் மேல் என்று கேட்டார், மைத்துனன் மேல் என்றேன், அது சாதாரணம்தான் என்று சொல்லிவிட்டு எழுதிக் காட்டினார்.

பெல்மான்ஸ் மெத்தைக் கம்பெனி நடத்திய மோட்டோகிராஸ் பைக் பந்தயக் குழுவில் நான் இரண்டாம் மெக்கானிக்காக இருந்தது உனக்குத் தெரியும். எழுபத்தெட்டாம் வருடம், ஜெர்மன் வண்டி, நானூறு சிசி, நீல டேங்க், எண் இருபத்தேழு, ஓட்டியவன் ஓடீல் ஃபான் ஹெக். அந்த வண்டியை மறு வருடமே விற்றுவிட்டார்கள், எங்கே போய் மடிந்ததோ தெரியாது. நம் மணல் தடத்துக்கு அறுபது வயது ஆகிறதென்று கிளப்பில் விழா வைத்தார்கள். ஓடீல் வந்து ஒரு சுற்று ஓட்டுவதாக ஒப்புக்கொண்டான். அவன் ஓட்டுவதற்கு அந்த வருடத்து வண்டி ஒன்றைத் தேடி வாங்கி, அச்சு அசலாகக் குழு வண்டி போலவே ஆக்கித் தருகிறேன் என்று போன இலையுதிர் காலத்தில் நான் கிளப்பில் கையைத் தூக்கினேன். எனக்கு ஒரு நொடி முன்னால் தூக்கியது யார், உன் மாமா. கிளப் தலைவர் என்ன சொன்னார் என்றால், இரண்டு பேரும் செய்யுங்கள், விழாவில் இருபத்தேழு ஒன்றுதான் ஓடும், விழாவுக்கு முந்தின நாள் ஓடீல் வந்து பார்த்து எது தன் வண்டி என்று சொல்கிறானோ அதில் எண்ணை மாட்டுவோம், மற்றது எண் இல்லாமல் கூடாரத்தில் நிற்கட்டும் என்றார். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஓடீல் என் வண்டியில் ஏற வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஸ்டாஃபின் பட்டறை உனக்கு நினைவிருக்கும், இப்போது அது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. லேத் வாங்கிவிட்டான். இன்ஜினைக் கண்ணாடித் தூளால் ஊதிச் சுத்தம் செய்ய ஒரு பெட்டி வைத்திருக்கிறான். போல்ட்டுகளை எல்லாம் ஆண்ட்வெர்ப்புக்கு அனுப்பி முலாம் பூசி வாங்கினான், நகைக்கடைப் பொருள் மாதிரித் துணியில் பரத்தி வைத்திருந்தான். நான் வண்டியை மாட்டுக் கொட்டகையில் வைத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்தேன். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாக நானே கோத்து இழுத்துக் கட்டினேன், அதில் அவன் என்னை நெருங்க முடியாது, அவன் சக்கரம் கட்ட ஒரு ஹாலந்துக்காரனிடம் கொடுத்தான். மணல் உள்ளே போகாமலிருக்க அம்மாவின் நைலான் காலுறையை ஏர் ஃபில்டர் மேல் இழுத்து மாட்டினேன், அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வோம், உன் அம்மா அன்றும் திட்டினாள், இன்றும் திட்டினாள். ஜனவரியில் ஒரு நாள் ஸ்டாஃப் கொட்டகை வாசலில் வந்து நின்று, “அத்தான், ஃபோட்டோ வேணும்னா சொல்லுங்க, எங்கிட்ட பதினோரு ஃபோட்டோ இருக்கு” என்றான். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. “வாரா வாரம் அந்த வண்டியக் கழுவினவன்டா நான். நீ அந்த வருஷம் பூரா பட்டாளத்துல உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்த. எனக்கு எதுக்கு ஃபோட்டோ” என்றேன். அவன் சரி என்று போய்விட்டான். அவன் எப்போதும் சரி என்று போய்விடுவான், அதுவே ஒரு எரிச்சல்.

கடைசியாக டேங்கின் இரண்டு பக்கமும் ஒட்டுகிற மெத்தைக் கம்பெனி ஸ்டிக்கர் பாக்கி. பழைய நாளில் மணல் அடித்து அது உரிந்துவிடும், அதனால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் புதிதாக ஒட்டுவோம், வலப்பக்கம் தலைமை மெக்கானிக், இடப்பக்கம் நான். அதில் படம் எதுவும் கிடையாது, வெறும் எழுத்து. இந்தத் தடவை நானே ஒரு தாளில் பெல்மான்ஸ் மெத்தைகள் என்று எழுதிக் கொண்டுபோய் ஸ்டிக்கர் கடைப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள், எழுதத் தெரிந்தவர்களிடம் வாங்குவது போலவே வாங்கிக்கொண்டாள் ஹில்டே. வீட்டுக்கு வந்து ஒட்டிவிட்டு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தேன். எழுந்து அந்தப் பக்கம் போய் அங்கேயும் வாசித்தேன். நாற்பத்தேழு வருடத்துக்கு முன்னால் வாரா வாரம் என் கையால் என்ன ஒட்டினேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டு அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். தெரியும், மெத்தை நம் கட்டிலில்தான் கிடக்கிறது என்றாள்.

போன சனிக்கிழமை கிளப் ஷெட்டில் இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் உருளை வறுவலும் பீரும் வைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். ஓடீலுக்கு இடுப்பில் புது மூட்டு வைத்திருக்கிறார்கள், தலையில் ஒரு முடி இல்லை, ஆனால் வண்டியைப் பார்த்ததும் நடை மாறிவிட்டது. முதலில் என் வண்டியில் ஏறி உட்கார்ந்தான், கைப்பிடியின் உயரம் அப்படியே இருக்கிறது என்றான், நான் ஸ்டாஃபின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிறகு ஸ்டாஃபின் வண்டியில் ஏறினான், வெகுநேரம் இறங்கவே இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் இறங்கியதும் நான் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து குற்றம் தேடினேன். ஒரு போல்ட் தவறாக இல்லை. ஏர் ஃபில்டரில் காலுறைகூட இருந்தது, என்னுடையது கறுப்பு, அவனுடையது தேன் நிறம், ஃபோட்டோவில் தேன் நிறம்தானாம். இடப்பக்கம் வந்தேன். அங்கேதான் கண்டுபிடித்தேன். ஸ்டிக்கர் தலைகீழாக இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது, முதல் முதலில் உன்னைக் கையில் வாங்கியபோதுகூட இப்படிக் கத்தவில்லை. “மச்சான், இங்க வா. எட்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவன் நீ, பேரத் தலைகீழா ஒட்டி வச்சிருக்க. போன வருஷம் படிக்கக் கத்துக்கிட்டவன் நான் சொல்லித் தரணுமா” என்று ஷெட் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்டாஃபின் முகம் சிவந்துவிட்டது. “விடுங்க அத்தான், நான் மாத்திடுறேன்” என்று மெதுவாகச் சொன்னான். நான் விட்டால்தானே. இதுவா அச்சு அசல், இதைத்தான் ஓடீல் ஓட்ட வேண்டுமா என்று தலைவரைப் பார்த்துக் கேட்டேன். அப்போது ஓடீல் பீர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “ஃபோன்ஸ், கத்தாத. அது அப்படித்தான் இருந்துச்சு. நீதான் ஒட்டின” என்றான்.

நான் நம்பவில்லை. ஃபோட்டோவைக் காட்டு என்று ஸ்டாஃபிடம் கேட்டேன், இல்லை என்றான், கொண்டுவரவில்லை என்றான், அவனுக்குப் பொய் சொல்ல வராது, கை தானாகவே சட்டைப்பைக்குப் போயிற்று. பிடுங்கிப் பார்த்தேன். வண்டி நிற்கிறது, பக்கத்தில் துணியும் கையுமாக நான் இளித்துக்கொண்டு நிற்கிறேன், எனக்கும் கைப்பிடிக்கும் நடுவே பெல்மான்ஸ் மெத்தைகள் தலைகீழாக. ஓடீல்தான் சொன்னான்: “மூணாவது ரேஸ்ல அப்படி ஒட்டியிருந்த. அன்னைக்கு ஜெயிச்சேன். அதுக்கப்புறம் நீ எப்பவும் அப்படியேதான் ஒட்டின, எவனாவது உங்கிட்டச் சொல்லி அத நேராக்கினா கைய ஒடிப்பேன்னு மத்தவங்ககிட்ட சொல்லி வச்சேன். முதலாளி வந்து என்னப்பா இதுன்னாரு. ஐயா, நான் கவுந்து கிடக்கறப்பதான் எல்லாரும் வண்டியப் பாக்குறாங்க, அப்ப உங்க பேரு நேராத் தெரியும்னேன். மனுஷன் சந்தோஷமாப் போயிட்டாரு.” இப்போது எல்லோரும் சிரித்தார்கள், நானும் கொஞ்சம் பிந்திச் சிரித்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியுமா என்று ஓடீலைக் கேட்டேன். எல்லோருக்கும் தெரியும், நீ சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை என்றான். பிறகு என் வண்டியின் டேங்கைத் தடவிப் பார்த்து, இது ஏன் நேராக இருக்கிறது என்றான். இப்போது படிக்கத் தெரியும் என்றேன். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “அப்ப இது உன் வண்டி ஃபோன்ஸ். என் வண்டி அது” என்றான். ஸ்டாஃபின் வண்டியில் இருபத்தேழை மாட்டினார்கள்.

இதில் இருக்கிற அநியாயத்தைப் பார். அந்த வருடம் ஒரு பந்தயம்கூட அவன் பார்த்ததில்லை. நான் செய்த தப்பைக்கூட என்னைவிட அவன்தான் சரியாகச் செய்திருக்கிறான். அதோடு விட்டானா, என் மானத்துக்காக அதை மாற்றிவிடுகிறேன் என்று வேறு சொன்னான், ஏழு மாத உழைப்பை ஒரு வார்த்தையில் கெடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தான். அது அவனுக்கு வருகிறது, எனக்கு வராது, அதற்கும் எனக்குப் பொறாமை. ஞாயிறு காலை கோயிலுக்குக் கிளம்பும் முன் உன் அம்மா, இடப்பக்க ஸ்டிக்கரைக் கழற்றித் திருப்பி ஒட்டுங்கள், ஓடீல் மனது மாறினாலும் மாறலாம் என்றாள். முடி உலர்த்துகிற மெஷினை எடுத்துப்போய்ச் சூடு காட்டினேன், ஒரு மூலை எழும்பி வந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கற்றுக்கொண்ட பெயர் அது, என்னால் திருப்ப முடியவில்லை. கட்டைவிரலால் அழுத்தி மறுபடி ஒட்டிவிட்டேன். கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.

அன்று விழாவில் ஸ்டாஃபின் வண்டி இரண்டாவது உதையில் கிளம்பியது. என்னுடையது முதல் உதையிலேயே கிளம்பும், அதை அன்றைக்கு யார் கேட்டார்கள். ஓடீல் மெதுவாகத்தான் போனான், ஆனால் பைன் மரத்து மேட்டில் ஏறும்போது எழுந்து நின்றான் பார், புது இடுப்பும் இல்லை பழைய இடுப்பும் இல்லை, கூட்டம் முழுக்கக் கத்தியது. நானும் கத்தினேன். யாரும் பார்க்காதபோதுதான். பிறகு ஸ்டாஃப் இரண்டு பீரோடு வந்து பக்கத்தில் நின்றான். சக்கரத்தை நீங்கள் கட்டியிருந்தால் இன்னும் நன்றாக ஓடியிருக்கும் அத்தான் என்றான். அது உண்மை, அதனால் அவன் கொடுத்த பீரை வாங்கிக் குடித்தேன். நீ அவனோடு பேசும்போது வண்டியைப் பாராட்டு, பாராட்ட வேண்டியதுதான், ஆனால் ரொம்ப நேரம் பாராட்டாதே.

இப்போது ஒன்று கேட்கிறேன். அவன் சட்டைப்பையில் இருந்த அந்தப் படம் நம் வீட்டிலும் ஒன்று இருந்தது, உன் கட்டிலுக்கு மேலே, நியூசிலாந்துக்குப் போகும்போது நீ எடுத்துக்கொண்டு போனாய். உனக்கு ஏழு வயதில் ஒரு நாள் கட்டில்மேல் நின்று தலையைத் தோள்வரை சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். என்னம்மா பார்க்கிறாய் என்று கேட்டேன். திரும்பி என்னைப் பார்த்தாய், மறுபடி படத்தைப் பார்த்தாய். பிறகு, “ஒண்ணுமில்லப்பா, வண்டி அழகா இருக்கு” என்றாய். வகுப்பில் மற்ற எல்லோரையும்விடச் சீக்கிரமாக வாசிக்கப் பழகியவள் நீ, அந்தத் தலைகீழ் எழுத்தை அன்றைக்கே வாசித்துவிட்டாய், இல்லையா? இந்த வாரம் முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டாஃப் மேல் இருக்கிற பொறாமை அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இப்போது உன் மேலும் கொஞ்சம் வந்துவிட்டது. ஏழு வயதில் வாசிக்கவும் தெரிந்திருக்கிறது, வாசித்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளவும் தெரிந்திருக்கிறது. எனக்கு எழுபத்தைந்தில் முதலாவதுதான் வந்திருக்கிறது.

நீயும் உன் வீடும் நோயில்லாமல் இருங்கள், பிள்ளைகள் வளரட்டும், மாடுகள் நிறையக் கறக்கட்டும், கடவுள் உங்கள் கூரை மேல் ஒரு கையை வைத்திருக்கட்டும். பதிலைப் போனில் சொல்லாதே, எழுது, பெரிய எழுத்தில் எழுது, எழுத்துகளைச் சேர்த்து எழுதினால் வாசிக்க எனக்கு இன்னும் வராது. அம்மாவிடம் கொடுக்காமல் நானே வாசிப்பேன்.

உன் அப்பா
ஃபோன்ஸ்