பெயர், வயது, ஊர்

திருவண்ணாமலை
6.1.2025

அன்புள்ள வினோவுக்கு,

நான் இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் முதல் கேள்வி. வேலூர் ஹாஸ்டல் சாப்பாடு இன்னும் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று உன் தம்பி சொன்னான்.

இந்தக் காலத்தில் மறுபடியும் லெட்டரா என்று நீ சிரிக்கலாம். போன் என்றால் என் திக்குவாய் விடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ பார்த்துவிட்டதை நீலக் கோடு காட்டிக் கொடுக்கும், அப்புறம் பதில் வராத ஒவ்வொரு நிமிடமும் போனைத் திறந்து திறந்து பார்ப்பேன். தபால் என்றால் நான்கு நாள் பயமில்லாமல் இருக்கலாம்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் லாட்ஜில் ஒரு சினிமா குழு தங்கியிருக்கிறது. போன வாரம் மொட்டை மாடியில் பெட்ஷீட் காயப்போட்டுக்கொண்டே மேனேஜர் பாலாஜி மாதிரி பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பன்னெண்டாம் நம்பர் ரூமுக்கு வென்னி போவலயாம், தூங்கினு இருக்கியா?" என்று. தனியாக இருந்தால் எனக்குத் திக்காது, உனக்குத்தான் தெரியுமே. திரும்பினால், துவைத்த துணியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். உதவி இயக்குநராம், பெயர் எழில், ஆரணிக்காரி. "அண்ணே, நீங்க நடிச்சிருக்கீங்களா?" என்றாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். கையில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு விவசாயி எழுந்து பேசுவதுதான் அந்தத் தாளில் இருக்கிறது. நிலம் போய்விட்டது, நான்கு முறை மனு கொடுத்துவிட்டான், இது ஐந்தாவது. பிப்ரவரி 2, ஞாயிறு, போளூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆடிஷன். தாளின் மேலே இப்படி எழுதியிருக்கிறது: "முதலில் கேமராவைப் பார்த்துப் பெயர், வயது, ஊர் சொல்லவும்."

அதைப் படித்ததும் தாளை மடித்துவிட்டேன். அந்த விவசாயியின் வார்த்தைகளைச் சொல்லிவிடுவேன். அவை வேறு ஒருத்தனுடையவை. என் பெயர்தான் வராது. என் பெயருக்கும் இந்த ஊருக்கும் ஒரே முதல் எழுத்து. அந்த "தி"யில் நாக்கு பல்லோடு ஒட்டிக்கொண்டால் எடுக்க முடியாது.

போகட்டுமா? நீ வேண்டாம் என்றால் போகவில்லை.

உன்
திருமலை


வேலூர்
11.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சாப்பிடுகிறேன். நீங்களும் டீயிலேயே பொழுதை ஓட்டாதீர்கள்.

போக வேண்டாம்.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஒருவருக்கு வலிப்பு வந்தது. தூக்க இரண்டு பேர் வந்தார்கள், படம் பிடிக்க ஏழு பேர். மறுநாள் அதற்குப் பாட்டுச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் உங்கள் முகத்தை நினைத்துப் பார்த்தேன், ரத்தம் எடுக்க எடுத்த ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். என் சித்தப்பா மகள் கல்யாணத்தில் உங்கள் கையில் மைக்கைக் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? எல்லாரும் சிரித்தார்கள், நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னொரு முறை பார்க்க வேண்டாம்.

மதிப்புக் குறைவாக நினைத்து இதை எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். நான் இங்கே வந்த பிறகு இது உங்கள் ஆறாவது கடிதம். ஒன்றில் கூட ஜூன் மாதம் இல்லை. நம் குழந்தை போனதைப் பற்றி அன்றிலிருந்து நீங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பேச்சில்லாத வீட்டில் இருக்க முடியாமல்தான் நான் வேலை தேடிக்கொண்டு வந்தேன். என்னிடம் பேசாதவர் இப்போது முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பேசப் போகிறேன் என்கிறீர்கள்.

பொங்கலுக்கு லீவு இல்லை.

வினோதினி


திருவண்ணாமலை
19.1.2025

அன்புள்ள வினோவுக்கு,

உன் கடிதத்தை பெட்ஷீட் அடுக்கும் அறையில் உட்கார்ந்து படித்தேன். நீ சொன்னது சரி என்று பட்டது, எழிலிடம் போய், ஆடிஷனுக்கு வரவில்லை என்றேன். அதைச் சொல்ல வாயைத் திறக்க வேண்டியிருந்தது. "நா... நா... நான் வ... வரல." அப்போதுதான் அவளுக்கு என் திக்கு தெரிந்தது. அவள் தரையைப் பார்க்கவில்லை. எல்லாரும் பார்ப்பார்கள், அவள் பார்க்கவில்லை.

"வரலைன்னா சரிண்ணே. இஷ்டமில்லாம வரலையா, பயந்துனு வரலையா?"

பயம் என்றேன்.

"நாங்களும் பயந்துதான் இருக்கோம். ஆள் கிடைக்கலைன்னா டைரக்டர் எங்கள உட மாட்டாரு. உள்ள வர ஒவ்வொருத்தரையும், கடவுளே இவராவே இருக்கட்டும்னு வேண்டிக்கினுதான் பாக்கறோம். யாரும் தோக்கணும்னு நாங்க உக்காந்திருக்கல."

இது எனக்குத் தெரியாது, வினோ. எனக்கு எதிரே உட்காருகிறவர்கள் எல்லாரும் நான் எப்போது திக்கி நிற்பேன் என்று காத்திருப்பதாகத்தான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

பௌர்ணமிக் கூட்டமும் பொங்கலும் முடிந்த பிறகு, விடிந்ததும் மாடியில் எழிலோடு கால் மணி நேரம் அந்த வரிகளைப் பழகுகிறேன். வரிகளை மனப்பாடமாக ஒப்பிக்காதீர்கள், அந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள் என்றாள். இரண்டு நாள் யோசித்தேன். அவனுக்கு இரக்கம் வேண்டாம். மனு கொடுத்ததற்கு ஒரு ரசீது வேண்டும், அவ்வளவுதான். அது பிடிபட்டதும் வரிகள் தானாக உட்கார்ந்தன. தப்பு வந்தால் மன்னிப்புக் கேட்காமல் மேலே போகச் சொன்னாள். தினமும் போடுகிற சட்டையையே போட்டு வரச் சொன்னாள்.

நேற்று அவள் போனில் என்னை வீடியோ எடுத்துக் காட்டினாள். "தி"யில் நிற்கும்போது என் கண் மூடிக்கொள்கிறது, கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. முப்பத்தாறு வருஷமாக நான் பார்க்காத முகம். பார்க்கவே பயமாக இருந்தது. நீ ஆறு வருஷமாக அதைப் பார்த்திருக்கிறாய்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன்.

அன்று மத்தியானம் பாத்ரூம் தரையில் ரத்தத்தைப் பார்த்ததும் ஆம்புலன்சுக்கு போன் போட்டேன். எதிர்ப்பக்கத்தில் ஒரு பெண் நிதானமாகத்தான் கேட்டாள், எந்த ஊர் என்று. மூன்று முறை கேட்டாள். என் வாயில் அந்த ஒரு எழுத்து நின்றது. நீ உள்ளே கத்திக்கொண்டிருந்தாய். போனைக் கையில் பிடித்தபடி பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளிடம் ஓடினேன், அவள் தோட்டத்தில் இருந்தாள். அவளைத் தேடிப் பிடித்துப் பேச வைக்கப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. வார்டு வாசலில் உன் அம்மா, "ரெண்டு வார்த்த ஒழுங்கா சொல்லியிருந்தா புள்ள பொழச்சிருக்கும்" என்றார்கள். நீ கண் திறந்து படுத்திருந்தாய். இல்லை என்று நீ சொல்லவில்லை.

கொன்றவன் எந்த வாயால் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசுவான்? அதனால்தான் பேசவில்லை.

மண்டபத்தில் என் பெயரைச் சொல்லிவிட்டால் இது எதுவும் சரியாகாது. தெரியும். இருந்தாலும் போகத் தோன்றுகிறது. போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம்.

திருமலை


வேலூர்
25.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு என் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஊசி என்றால் பயம். பயப்படாதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் இன்னும் ஜாஸ்தியாகும். "பயம் பாட்டுக்கு இருக்கட்டும், கைய மட்டும் ஆட்டாதீங்க" என்பேன். உங்களிடமும் அதையேதான் சொல்கிறேன். கண்ணை மூடாதீர்கள். கழுத்தை நேராக வையுங்கள். எழுத்து வரும்போது வரட்டும்.

ஜூன் பற்றி நீங்கள் எழுதியதற்கு இன்றைக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. மூன்று தாள் கிழித்துவிட்டேன். எழுத வேண்டியது இருக்கிறது, பயமாக இருக்கிறது.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

வினோதினி


திருவண்ணாமலை
3.2.2025

அன்புள்ள வினோவுக்கு,

முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்கு முப்பத்தொன்றாம் டோக்கன். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போன ஒரு வாத்தியார் அழுதுகொண்டே வெளியே வந்தார். நான்கு முறை பாத்ரூம் போனேன். இருபத்தெட்டாம் நம்பரைக் கூப்பிட்டபோது செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கே வந்துவிட்டேன். ஆட்டோக்காரர் "எங்க போவணும்?" என்றார். அதையும் சொல்ல வரவில்லை. திரும்பி உள்ளேயே போய்விட்டேன்.

டைரக்டர் பெயர் இளஞ்செழியன். பக்கத்தில் எழில், கேமராக்காரர், சுவரோரமாக இன்னும் நான்கைந்து பேர். "பேரு, வயசு, ஊரு சொல்லுங்க."

"தி"

நின்றுவிட்டது. சுவர்ப்பக்கம் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. ஒரு போன் மேலே வந்ததைப் பார்த்தேன். நீ எதற்குப் பயந்தாயோ அதுதான். மூடப்போன கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன். கழுத்தை நேராக வைத்தேன். எழில் அந்தப் போன்காரனைப் பார்த்த பார்வையில் போன் கீழே போனது. நாற்பது விநாடி ஆனதாக அப்புறம் சொன்னாள். எனக்கு ஒரு வருஷம்.

"திருமலை. முப்பத்தாறு." அப்புறம் ஊருக்கு மறுபடியும் அதே எழுத்து, அதே நிற்றல். அதுவும் வந்தது.

பிறகு அந்த விவசாயியாகப் பேசினேன். ஒரு இடத்தில் கூடத் திக்கவில்லை. ரசீது கேட்டேன், கலெக்டர் எதிரே உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது.

டைரக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார்: "டயலாக் நல்லாருக்கு. ஆனா பேர் சொல்லும்போது ஒரு ஆள் இருந்தாரே, எனக்கு அவருதான் வேணும். அதே திக்கோட இத இன்னொரு வாட்டி பண்ணுங்க. தியேட்டரே அழுவும்."

அவ்வளவு நேரம் இருந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை, இதுதான் பயம். செய்தால் வேடம் எனக்கு. எனக்குத் தெரியாததா, அதை எப்படிச் செய்வது என்று? வாயைக்கூடத் திறந்துவிட்டேன். ஆனால் வேறு பேச்சு வந்தது.

"சார், இந்தப் பே... பேப்பர்ல இருக்கறவரு தி... திக்கறவரா?"

"இல்ல. இப்ப மாத்திக்கலாம்."

"அவரு ர... ரசீது கேட்டு வந்திருக்காரு சார். அ... அழ வெக்க வரல. எனக்குத் தா... தானா வந்தா வரட்டும். நானா வர வெ... வெக்க மாட்டேன்."

இதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமோ. டைரக்டர் தாளில் என்னமோ எழுதிக்கொண்டு, "சரி, சொல்லி அனுப்பறோம்" என்றார்.

வெளியே வந்ததும் செருப்பு விடுகிற படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் ஆரம்பித்ததை முடித்தேன், அவ்வளவுதான்.

உன்
திருமலை


வேலூர்
9.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நீங்கள் அங்கே நின்றதைப் படித்த பிறகு நான் இதை எழுதாமல் இருக்க முடியாது.

ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, நீங்கள் லாட்ஜுக்குப் போன பிறகு நான் தனியாக ஸ்கேன் எடுக்கப் போனேன். இரண்டு நாளாக அசைவு கம்மியாக இருந்தது. டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு திரையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். "துடிப்பு இல்லம்மா. வீட்டுக்காரர கூட்டினு வந்து ஒடனே அட்மிட் ஆயிடு" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் நீங்கள் சாத்துக்குடி வாங்கி வந்து எனக்காக உரித்துக்கொண்டிருந்தீர்கள். சொல்ல வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தேன். புதன்கிழமை முழுவதும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, மிஷின் தப்பு, டாக்டர் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை மத்தியானம்தான் ரத்தம் வந்தது.

ஆம்புலன்ஸ் பறந்து வந்திருந்தாலும் ஒன்றும் இல்லை, மாமா. அந்தக் குழந்தை இரண்டு நாள் முன்பே போய்விட்டது.

அம்மா அப்படிச் சொன்னபோது நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தையில் உங்களை விடுவித்திருக்கலாம். ஏன் இரண்டு நாள் மறைத்தாய், ஏன் உடனே வரவில்லை என்று என்னைக் கேட்பார்கள் என்ற பயம். பழி உங்கள் மேல் விழுந்தது, விழட்டும் என்று படுத்திருந்தேன். அதற்கப்புறம் உங்கள் மௌனத்தைப் பார்க்க முடியவில்லை. அது எதனால் என்று எனக்குத் தெரியும். அதனால் ஊரை விட்டே வந்துவிட்டு, அவர் பேசுவதில்லை, அதனால் வந்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். போன மாதம் உங்களையே குற்றம் சொல்லி எழுதவும் செய்தேன்.

என் நாக்கில் ஒரு குறையும் இல்லை. எனக்கும் வரவில்லை.

நீங்கள் என்ன முடிவு செய்தாலும் சரி. மன்னிக்கச் சொல்லிக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

வினோதினி


திருவண்ணாமலை
13.2.2025

வினோ,

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தைப்பூசக் கூட்டம், மறுநாள் பௌர்ணமி. படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலை செய்தேன். யாரிடம் என்ன பேசினேன் என்று தெரியாது.

அந்த வேடம் வேறொருவருக்குப் போய்விட்டது. எழில் அதை நேரில் வந்து சொன்னாள். மார்ச்சில் சென்னையில் வேறு ஒரு படத்துக்கு ஆடிஷன் இருக்கிறது, வருவீர்களா என்றாள். வருகிறேன் என்றேன். வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். வருத்தப்பட உள்ளே இடம் இல்லை.

எட்டு மாதமாகச் செங்கம் ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். நீ இங்கே இருந்த இரண்டு மாதமும் அதைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே சோறு போட்டாய். எனக்குக் கோபம் வருகிறது, வினோ. உன் மேல் இப்படிக் கோபம் வந்ததே இல்லை. இதை என்ன செய்வது என்று தெரியாமல் பயமாக இருக்கிறது. அதே நேரம், உயிரில்லாத குழந்தையை வயிற்றில் வைத்துக்கொண்டு நீ இரண்டு நாள் தனியாகப் படுத்திருந்தாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தேன் என்பதும் நிற்காமல் ஓடுகிறது. இரண்டும் ஒன்றோடு ஒன்று சேர மாட்டேன் என்கின்றன.

இதை எழுதித் தீர்க்க முடியாது. சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன் ஹாஸ்டல் வாசலுக்கு வருகிறேன். கோட்டைப் பக்கம் போய் எங்காவது உட்காரலாம்.

எனக்கு நேரமாகும். கோபத்தில் இன்னும் அதிகமாக நிற்கும். என் வாயில் நிற்கிற வார்த்தையை நீ எடுத்துக் கொடுக்கக் கூடாது. நடுவில் அழுது என்னை நிறுத்தக் கூடாது. நான் முடிக்கிற வரைக்கும் நீ அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் நீ பேசு. நானும் உட்கார்ந்திருப்பேன்.

அதற்குப் பிறகு திருவண்ணாமலை பஸ்ஸில் இரண்டு பேர் ஏறுவோமா, நான் மட்டும் ஏறுவேனா, தெரியவில்லை.

பயமாகத்தான் இருக்கிறது. வருகிறேன்.

திருமலை