வால்வு மாற்றினால் ஓடும்

கடுகண்ணாவை,
ஏப்ரல் 12

அன்பின் இல்மாவின் வாப்பாவுக்கு,

ஸலாம். கத்தார் வெயிலில் உடம்பு எப்படி? இங்கே பின்னேரமானால் மழை. இல்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது. தவணைப் பரீட்சையில் கணக்குக்கு ஐம்பத்தெட்டு. இரண்டு நாள் மறைத்து வைத்திருந்து, பிறகு அவளாகவே வந்து சொல்லி அழுதாள். நான் ஏசவில்லை.

போனில் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே, "அத விடுங்க ரபீகா" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் அங்கே வரும் நஸீப் நானாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். முழுவதையும் வாசியுங்கள்.

டிசம்பரில் ஆஸ்பத்திரியின் வருஷ முடிவுப் பொருள் கணக்கெடுப்புக்கு என்னையும் போட்டார்கள். பழைய வார்டுக்குப் பின்னால் உள்ள அறையில், சத்திரசிகிச்சைக் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் இரண்டு இயந்திரங்கள் தார்ப்பாயின் கீழ் கிடந்தன. ஒன்றின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எழுத்து உங்களுடையது. வால்வும் ரப்பர் வளையமும் மாற்றினால் ஓடும் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் இங்கே டெக்னீஷியன் வேலைக்கு லீவு போட்டு வெளிநாடு போவதற்கு ஒரு வருஷம் முந்திய திகதி. அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தும் சாப்பிடாமல் ஏன் இருந்தீர்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

நிர்வாக அதிகாரி இரண்டையும் கழிவுப் பட்டியலில் சேர்த்து, புதியது வாங்க விலைமனுவும் தயாராக வைத்திருந்தார். திருத்திப் பார்க்கலாமே என்று கேட்டேன். முப்பத்தோராம் திகதிக்குள் காசைச் செலவழிக்காவிட்டால் அடுத்த வருஷம் வெட்டிவிடுவார்கள், உங்களுக்கு என்ன தெரியும் என்றார். மஹியங்கனைப் பக்கம் ஆள் குறைவாம், என்னை அங்கே மாற்றலாம் என்றும் சொல்லி வைத்தார். இல்மாவின் பள்ளிக்கூடத்தை நினைத்தேன். ஆனாலும் அந்தப் பட்டியலில் நான் கையெழுத்து வைக்கவில்லை.

கணக்காளர் சோதிலிங்கம் சேரிடம் போனேன். அவருக்குப் பென்ஷனுக்கு அப்போது ஆறு மாதம்தான் இருந்தது. வீண் வம்பு வேண்டாம் என்பார் என்றே நினைத்தேன். உங்கள் தாளை இரண்டு தரம் வாசித்தார். "வால்வு கேட்டு உம்மட அவர் அனுப்பின கடிதம் அப்பவே என்ர மேசைக்கு வந்தது, பிள்ளை. நான்தான் வாசிக்காமல் பைலில போட்டிட்டன்" என்றார். பிறகு, "திருத்தித் தரச் சொல்லி நீர் எழுதித் தாரும், நான் கீழ கையெழுத்து வைக்கிறன்" என்றார்.

ஜனவரியில், சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போகும் ரிஷிகேசன் என்ற டெக்னீஷியன் வந்தார். முதல் நாள் ஓடவில்லை. நிர்வாக அதிகாரி வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் நாள் மற்ற இயந்திரத்தில் நல்லதாக இருந்த பாகங்களைக் கழற்றி இதற்குப் பூட்டினார். புது வால்வும் வளையமும் போட்டார். அழுத்தம் ஏறி முள் நகர்ந்ததும் ஒப்பரேஷன் தியேட்டர் சிஸ்டர் கை தட்டிவிட்டார். செலவு, புதியதன் விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்காரர் செல்லப்பா குடலிறக்கத்தோடு ஐந்து மாதம் காத்திருந்தாரே, அவருக்கு நம் ஆஸ்பத்திரியிலேயே போன மாதம் ஒப்பரேஷன் முடிந்தது. பாரம் தூக்கக் கூடாது என்று அவருடைய மனைவி கதிரை போட்டு உட்கார வைத்திருக்கிறா. அங்கிருந்தே வியாபாரம் நடக்கிறது.

இந்த வருஷக் காசைக் கொஞ்சம் வெட்டித்தான் விட்டார்கள். வந்ததில் பிள்ளைகள் வார்டின் தண்ணீர்க் குழாய்களை மாற்றுகிறார்கள். இனி எதைப் புதிதாகக் கேட்டாலும், பழையதைத் திருத்த முடியாது என்ற அறிக்கையும் வேண்டும் என்று எங்கள் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. நிர்வாக அதிகாரியும் கை உயர்த்தினார். எனக்கு மாற்றல் கடிதம் வரவில்லை.

ரிஷிகேசனிடம் இப்படித் தூங்கும் இயந்திரங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளில் மட்டும் நாற்பதுக்கு மேல். போகும்போது உங்கள் தாளைக் காட்டி, "உந்தத் தாளை எழுதினவர் இப்ப எங்க இருக்கிறார்? தனி ஆளா என்னால ஏலாது" என்றார். கத்தாரில் என்றேன்.

உங்கள் சம்பளமில்லா லீவு ஆகஸ்டோடு முடிகிறது. அங்கே கிடைப்பது இங்கே கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். வாங்க என்று நான் எழுதவில்லை. எழுதி வைத்திருப்பதாகச் சொன்ன இராஜினாமாக் கடிதத்தை மட்டும் ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் தபாலில் போடாதீங்க.

உங்கள் கைகளுக்கு ஒரு குறையும் வராமல் அல்லாஹ் காக்கட்டும். ஒவ்வொரு தொழுகையிலும் அதைத்தான் கேட்கிறேன்.

உங்கள்,
ரபீகா