எந்த லேப்டாப் வாங்கட்டும்?

நாமகிரிப்பேட்டை
5.5.2025

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? போனில் பேசினால் அப்பா காதில் விழுகிறது, மெசேஜையும் எடுத்துப் பார்க்கிறார். அதனால்தான் கடிதம். கோவை நிறுவனத்தில் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்! வீட்டிலிருந்தே வேலை. ஜூன் பத்தாம் தேதி பயிற்சி தொடங்குகிறது. அதற்குள் சொந்தமாக லேப்டாப் இருக்க வேண்டுமாம். டியூஷன் எடுத்துச் சேர்த்தது போதும், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

சேலத்தில் இரண்டு பார்த்தேன். ஒன்று சின்னது, ஒன்றேகால் கிலோதான். பேட்டரி பகல் முழுக்க நிற்குமாம். இன்னொன்றில் திரை பெரியது, வேகமும் அதிகம். ஆனால் கரண்டு போனால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. நம் ஊருக்குச் சின்னதுதான் சரி என்று படுகிறது. பெங்களூரில் கம்ப்யூட்டரே கதி என்று கிடக்கிறவன் நீ. எதை வாங்கட்டும், சொல்.

உன் நித்யா

பெங்களூர்
12.5.2025

அன்புத் தங்கை நித்யாவுக்கு,

ரொம்ப சந்தோஷம் சாமி. ஆனால் அவசரப்பட்டு வாங்கிவிடாதே. சின்னதில் பிறகு மெமரி கூட்ட முடியாது. பெரியது சீக்கிரம் சூடாகும். கடைக்காரர்கள் இருப்பதைத் தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள். இன்னும் இரண்டு மூன்று பார்த்துவிட்டு எழுது. அப்பாவிடம் மூச்சு விடாதே. நான் பக்குவமாகப் பேசிக்கொள்கிறேன்.

கவின்

நாமகிரிப்பேட்டை
20.5.2025

அன்புள்ள அண்ணா,

நீ சொன்னபடி நான்கு கடை ஏறி இறங்கினேன். "எதுக்குடி ஓயாம சேலத்துக்கு ஓடறே?" என்று அம்மா கேட்கிறாள். சிநேகிதி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க என்று சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவதாக ஒன்று கிடைத்தது. எடை குறைவு, மெமரியும் கூட்டலாம். ஆனால் விசைகளைக் குத்திக் குத்தி அழுத்த வேண்டியிருக்கிறது, விரல் வலிக்கிறது. எனக்கு இன்னமும் அந்த முதல் சின்னது மேல்தான் ஆசை. தேதி நெருங்குகிறது அண்ணா. சரி என்று ஒரு வார்த்தை எழுது, போய் வாங்கிவிடுகிறேன்.

உன் நித்யா

பெங்களூர்
27.5.2025

அன்புத் தங்கைக்கு,

நீ எதையும் வாங்க வேண்டாம். அந்த மூன்றையும்விட நல்லதாக இங்கே ஒன்று பார்த்துவிட்டேன். ஜூன் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டு வருகிறேன். அண்ணன் இருக்கும்போது உனக்கு என்ன கவலை?

கவின்

நாமகிரிப்பேட்டை
16.6.2025

அண்ணனுக்கு,

சொன்ன தேதிக்கு வந்தீர்கள், மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு. "கம்ப்யூட்டர் எங்கண்ணா?" என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் சாமி, மொதல்ல போய்ச் சேலையை மாத்து" என்றீர்கள். கை வீசிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

நீங்கள் வாசலில் நின்றபோது மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நம்ம கவின் பங்குனியிலயே சொல்லிப்போட்டாருங்க, பொண்ணு வேலைக்கெல்லாம் போவாதுன்னு." பங்குனியில் நான் உங்களுக்கு முதல் கடிதமே எழுதியிருக்கவில்லை. மாப்பிள்ளை உங்கள் மேனேஜரின் தம்பி என்பதையும் அந்த அம்மாவே சொன்னார்.

அதனால்தான் எல்லோர் முன்னாலும் "எனக்குச் சம்மதமில்லைங்க" என்றேன். நீங்கள் தலை குனிந்தீர்கள். எனக்கு வருத்தமில்லை.

அந்த ரகளையில் பத்தாம் தேதிக்குள் லேப்டாப் வாங்க முடியாமல் போனது. என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அடுத்த பயிற்சி எப்போது என்று தெரியாதாம். இருந்தாலும் நேற்று சேலத்துக்குப் போய் அந்தச் சின்னதையே வாங்கிவிட்டேன். யாரிடமும் யோசனை கேட்கவில்லை.

வேலைக்குப் போகக் கூடாது என்று அப்பா இப்போதும் கத்துகிறார். அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறார், நானும் நேராகப் பதில் சொல்கிறேன். உங்களிடம் சண்டை போடக்கூட எனக்கு ஓர் இடம் விட்டு வைக்கவில்லையே நீங்கள்.

நித்யஸ்ரீ