நாற்பத்தோராவது பள்ளிக்கூடம்

ஜூன் 9

என் அருமைச் சின்னவளுக்கு,

நலம்தானே? விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் பிஸ்கட்டால் வயிற்றை நிரப்புகிறாய் என்று வார்டன் சொன்னார். தின்னாதே என்று சொல்லவில்லை. தின்றதும் வாய் கொப்பளி. பல் தேய்க்காமல் படுக்காதே. பிரஷ்ஷை வெறுமனே நனைத்து வைத்து என்னை ஏமாற்றிய கள்ளி நீ. இப்போது ஈரமா என்று தொட்டுப் பார்க்க அம்மா பக்கத்தில் இல்லை என்ற தைரியம் வேறு.

அண்ணன் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் காலையில் குளியலறைக் குழாய் திறக்கிற சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்தால் தரை காய்ந்து கிடக்கிறது.

வருகிற வியாழக்கிழமை உங்கள் பள்ளிக்கூடத்தில் பேச வருகிறேன். இது நாற்பத்தோராவது. முன்வரிசையில் உட்கார். பல் டாக்டரின் மகள் என்று வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாதே.

முத்தங்களுடன்,
அம்மா

ஜூன் 19

அம்மாவுக்கு,

முன்வரிசையில்தான் உட்கார்ந்தேன். முதல் அரைமணி நேரம் பெருமையாகக்கூட இருந்தது. குளிர்பானத்தை நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடித்துப் பல்லை ஊறப்போடாதீர்கள் என்று நீ சொன்னபோது எங்கள் பி.டி. மாஸ்டரே பாட்டிலைக் கீழே வைத்தார்.

அப்புறம் திரையில் அந்த எக்ஸ்ரே. "இந்தப் பையனுக்கு வயசு பதினேழு. பல்வலின்னு ஆரம்பிச்சு, கழுத்து வரைக்கும் வீங்கி, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள மூச்சு நின்னுடுச்சு" என்றாய். பெயர் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டுமா? மேல்வரிசையில் ஒரு பல்மேல் இன்னொரு பல் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்தச் சிரிப்பைப் பதினான்கு வருஷம் பார்த்தவள் நான்.

பின்னால் ஒருத்தி 'உவ்வே' என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று நானும் சிரித்தேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நாற்பத்தொரு இடத்திலும் அவனைக் காட்டினாயா? லீவுக்கு நான் வீட்டுக்கு வரவில்லை. சித்தி வீட்டுக்குப் போகிறேன்.

மகள்

ஜூன் 24

சின்னவளே,

உன் கோபம் நியாயம்தான். நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

அந்தப் படத்தை எடுத்ததே நான்தான். அவன் சாவதற்கு ஏழு வாரம் முன்னால், கிளினிக்கில் புது எக்ஸ்ரே மெஷின் வந்த அன்று. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவனைக் கூப்பிட்டு நிற்க வைத்தேன். "ஒரு பல்லு கூசுதும்மா" என்றான். "ஒழுங்கா தேய்ச்சா ஏன் கூசுது?" என்று கேட்டுவிட்டு, படம் எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது என்று மெஷினைத்தான் மெச்சினேன். படத்தை நான் படிக்கவே இல்லை. அவனும் அதற்குமேல் பேசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பரீட்சை எழுதினான்.

எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் மெஷினைத் திறந்தேன். முதல் படமே அவன். கடைவாய்ப் பல்லில் அத்தனை பெரிய சொத்தை. முதல் வருஷ மாணவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

பிள்ளைகளுக்காகத்தான் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். அது பாதிதான் நிஜம். திரையில் அவன் ஆள் உயரத்துக்கு வருகிறான். இந்தத் தடவையாவது சரியாகப் பார்க்கலாமே என்று ஒவ்வொரு ஊராகப் போகிறேன்.

உன் வாயை ஒரே ஒரு முறை பார்க்க விடு. அதற்காகவாவது வா.

அம்மா

ஜூலை 6

அம்மா,

உன் கடிதம் வந்த அன்றே எனக்கும் கீழ்க்கடைவாயில் வலி ஆரம்பித்திருந்தது. சொன்னால் என் படமும் திரைக்குப் போய்விடும் என்று பயந்தேன்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணனுக்கு வலி இருந்தது எனக்குத் தெரியும். "அம்மாட்ட சொல்லிடாத, கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிடுவா" என்றான். நான் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக ஒவ்வொரு வாய்ச் சோறும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறது.

நேற்று சித்தி என்னை ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். சொத்தைதான். நரம்பைத் தொடவில்லை, அடைத்துவிட்டார். தேய்த்தாயா, தேய்க்கவில்லையா என்று அவர் கேட்கவில்லை. "எப்ப இருந்தும்மா வலிக்குது?" என்றார். அதற்கே அழுதுவிட்டேன்.

நீ பேசப் போவதை நிறுத்தாதே. நீ வந்துபோன நாளிலிருந்து எங்கள் விடுதிக் குழாயடியில் பிரஷ்ஷோடு வரிசை நிற்கிறது. ஆனால் அண்ணனை இனிமேல் கூட்டிப்போகாதே. ரொம்ப அலைந்துவிட்டான். வீட்டில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கதவைத் திறந்ததும் வாயைத் திறக்கச் சொல்லாதே அம்மா. முதலில் என் முகத்தைப் பார்.

சின்னவள்