மேளத்துக்கு வந்த கூட்டம்

1954 ஜூலை 11
திருவிதாங்கூர்-கொச்சியில் உள்ள எங்கள் தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி இன்று ஊர்வலம். வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருந்தேன். "வராம இருப்பமா?" என்றார்கள். வந்தது ஏழு பேர். அதில் ஒருவர் பஸ்ஸுக்கு நின்றவர்.

மார்கழியில் சுசீந்திரம் தேர் வடத்தைத் தொட இதே ஆட்கள்தான் முண்டியடித்தார்கள். மனைவி அழகியநாயகியிடம் புலம்பினேன். சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "தேருக்குப் போறவனுக்கு ராத்திரி வீட்டுல வந்து படுப்போம்னு தெரியும். உங்க கூட வாறவனுக்கு அது தெரியுமா?"



ஜூலை 14
ஒரு யோசனை. கோயில் கொடை விழாவில் தவில் சுயம்பு கை வைத்தால் ஊரே திரளும். அவனைக் கூப்பிட்டேன். "போலீஸு கீலீஸு வராதே அண்ணாச்சி?" என்றான். வராது என்றேன். எனக்கென்ன தெரியும்?

ஜூலை 25
மேளம் கேட்டு, கொடை என்று நினைத்து வந்தவர்களால் தெருமுக்கு நிறைந்துவிட்டது. பானகம்கூட வைத்திருந்தேன். போலீஸ் ஜீப்பைக் கண்டதும் — ஓட்டம். நானும் ஓடினேன். வயலில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் சுயம்பு மட்டும் நிற்கிறான். அந்தக் கனத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு எவன் ஓடுவான்? கழற்றிப் போடவும் அவனுக்கு மனசு வரல. தவிலை அணைச்சிருந்த கையில அடிச்சானுவ. பாத்துட்டு நின்னேன். போகல.

ஆகஸ்ட் 9
சுயம்புவுக்கு வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. இனி வாசிக்க முடியாதாம். அவன் மனைவி பூங்கனி அழவில்லை. "கொடைன்னா கொடை, போராட்டம்னா போராட்டம்னு சொல்லப்பிடாதா அண்ணாச்சி? வாறதும் வராததும் அவிய பாடு" என்றாள்.

1955 மார்ச் 6
கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. சுயம்புவின் தெரு வழியாகவும் போவதில்லை.

1956 நவம்பர் 1
தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம். நாகர்கோவில் வெற்றி ஊர்வலத்தில் எள் விழ இடமில்லை. அன்று ஓடியவர்கள் எல்லோரும் புது வேட்டியில், முன்வரிசையில். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அசதிதான் வந்தது. நானும் ஓடியவன்தானே.

ஓரமாக நின்றேன். பின்னாலிருந்து தோளில் ஒரு கை. சுயம்பு.

"என்ன அண்ணாச்சி, ஓரமா நிக்கியோ? இன்னைக்கு யாரும் ஓடாண்டாம்லா."

யாரோ ஒருவனின் தவில் எங்களைக் கடந்து போனது. சுயம்பு அதற்கு ஒத்து இடது கையால் என் தோளில் தாளம் தட்டத் தொடங்கினான். ஊர்வலம் முடியும்வரை நான் அசையவில்லை.