மணிக்கட்டைப் பிடித்த கதாநாயகன்

அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன், இதை அப்பாவுக்குக்கூடக் காட்டாதே. உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

நேற்று வகுப்பில், என்னோடு படிக்கும் கோங் ருய், நாம் டிவியில் பார்க்கும் தொடர்களில் வரும் கோடீஸ்வர முதலாளியைப் போல என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். "ரொம்பப் பிகு பண்ணாதடி கதாநாயகி, அவன்கூடப் போ!" என்று எல்லாரும் கைதட்டினார்கள். தொடரில் அவள் மயங்கிப்போவாள். நான் அறைந்துவிட்டேன்.

திங்களன்று கொடியேற்றத்தின்போது பள்ளி முழுவதற்கும் முன்னால் நான் மன்னிப்புக் கடிதம் வாசிக்க வேண்டுமாம். ஆனாலும் ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன்: "கேட்காமல் தொட்டால் மறுபடியும் அறைவேன்."

கடுகுக்கீரை ஊறுகாய் தீர்ந்துவிட்டது, அனுப்பு. ஆசிரியை போனில் கூப்பிட்டால், என் மகள் செய்தது சரி என்று சொல்லிவிடு. விடுதிக் காப்பாளர் கதவைத் தட்டுகிறார். சொல்வாய்தானே, அம்மா?